முதியோர் சேவையைத் தொண்டு நிறுவனத்திடம் கொடுத்தால் அரசு கைகழுவுகிறது என்று அர்த்தமா?

உங்கள் உள்ளாட்சி இத்தனை நாள் தானே நடத்திவந்த முதியோர் வீட்டுப் பராமரிப்புச் சேவையை ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப் போகிறது, உங்கள் அம்மா அந்தச் சேவையை நம்பித்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இது நல்ல ஏற்பாடா, இல்லை அரசு கைகழுவுகிறதா என்பது உங்கள் கேள்வி. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு நாள் காலையில் பணியாளர் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் பதில் கிடைக்குமா என்ற பயம்தான் அதன் அடியில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் 22 வருடம் இந்தத் துறையில் இருந்தவன். முதல் ஒன்பது வருடம் வீடு வீடாகப் போகும் களப்பணி. அப்புறம் அதே அமைப்பில் அரசு ஒப்பந்தங்களைக் கையாளும் வேலை. கடைசிச் சில வருடங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தொண்டு நிறுவனங்கள் அனுப்பும் விண்ணப்பங்களை மதிப்பிடும் வேலை. வீட்டுப் பராமரிப்பைப் பற்றி நான் சொல்வது கண்ணால் பார்த்தது. மற்ற சேவைகளைப் பற்றிச் சொல்வது படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், ஒப்பந்தத்தின் சட்ட நுணுக்கத்தை உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

முதலில், சந்தேகம் இல்லாமல் சொல்லக்கூடியது. பொதுச் சேவையைத் தன்னார்வ அமைப்பு செய்வது புதுசு கிடையாது, அது தானாகவே கைகழுவலும் ஆகிவிடாது. பிரிட்டன், அயர்லாந்து கடலோரங்களில் ஆபத்தில் இருப்பவர்களை மீட்கும் படகுச் சேவையை 1824-ல் தொடங்கிய ஒரு தொண்டு அமைப்புதான் இன்றும் நடத்துகிறது. பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகிறது, படகில் போகிறவர்களில் அதிகம் பேர் தன்னார்வலர்கள். ஜெர்மனியில் இது சட்டத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. மக்களுக்கு நெருக்கமான சிறிய அமைப்பு செய்யக்கூடிய வேலையை மேலே இருக்கும் பெரிய அமைப்பு பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே பழைய கொள்கை. அதனால்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் காரித்தாஸ், புராட்டஸ்டண்ட் திருச்சபையின் டியாகொனி போன்ற அமைப்புகள் மருத்துவமனை, முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம் என்று ஏராளமாக நடத்துகின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1995-ல் அங்கே பராமரிப்புக் காப்பீடு வந்தது. ஒரு முதியவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட்டு, அந்த உதவியைப் பெறும் உரிமையைச் சட்டமே கொடுத்துவிடுகிறது. காரித்தாஸிலிருந்து ஆள் வந்தாலும், தனியார் நிறுவனத்திலிருந்து வந்தாலும் உரிமை அந்த முதியவரிடமே இருக்கும். நிறுவனம் மாறினால் உரிமை போய்விடாது.

இந்த விஷயத்தில் நான் சொல்ல வருவது மொத்தமும் இதைச் சுற்றித்தான். வேலையைக் கொடுக்கலாம். கடமையைக் கொடுக்க முடியாது. உங்கள் ஊரில் நடப்பது இரண்டில் எது என்று பார்க்க வேண்டும்.

தொண்டு நிறுவனங்களிடம் உண்மையாகவே ஒரு பலம் இருக்கிறது. யாரும் இன்னும் பெயர் வைக்காத ஒரு துன்பத்தை அவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். சாகும் தறுவாயில் இருக்கும் நோயாளியிடம் ‘இனி செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று மருத்துவம் கையை விரித்த காலத்தில், சிசிலி சாண்டர்ஸ் 1967-ல் லண்டனில் நன்கொடைப் பணத்தில் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கினார். வலியைத் தணிப்பதே தனியான மருத்துவம் என்று அங்கே நிரூபித்தார்கள். பிற்பாடு பல நாடுகளின் பொது மருத்துவச் சேவை அதை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான 1098 தொலைபேசி உதவி 1996-ல் மும்பையில் ஒரு சமூகப்பணிக் கல்வி நிறுவனத்தின் களத் திட்டமாகத்தான் ஆரம்பித்தது. பல ஆண்டுகள் தொண்டு அமைப்புகளின் வலைப்பின்னல் அதை நாடு முழுவதும் நடத்தியது. இப்போது அரசே ஏற்று நடத்துகிறது. ஒருவர் தொடங்கி இன்னொருவர் கையில் போய்ச் சேர்வது இந்தத் துறையில் இயல்பான பாதை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வங்கதேசத்தின் பிராக் அமைப்பு. 1972-ல் ஃபஸ்லே ஹசன் அபெத் தொடங்கியது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம். 1980 முதல் பத்து ஆண்டுகள் அந்த அமைப்பின் பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், உப்பும் வெல்லமும் தண்ணீரும் எந்த அளவில் கலப்பது என்று தாய்மார்களுக்கு நேருக்கு நேர் கற்றுக்கொடுத்தார்கள். அதில் நான் வியப்பது சம்பள முறையை. எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்க்குச் சொன்னது நினைவில் இருக்கிறதா, சரியாகக் கலக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார். அதைப் பொறுத்து கற்றுக்கொடுத்தவருக்குப் பணம். எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் நடக்கும் என்பதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு அது.

இனி பலவீனம். லெஸ்டர் சாலமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் இதைத் தெளிவாக எழுதினார். தன்னார்வத் துறைக்கு இயல்பிலேயே நான்கு குறைகள் உண்டு என்றார். நன்கொடை ஒருபோதும் தேவைக்குப் போதாது. ஒவ்வொரு அமைப்பும் தனக்குப் பிடித்த சிலரையே கவனிக்கும். பணம் கொடுப்பவர் விருப்பமே நடக்கும். பயிற்சி இல்லாதவர்கள் நல்ல மனசை மட்டும் வைத்து வேலை செய்வார்கள். இதை முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது நான்கையும் என் சொந்த அனுபவத்திலிருந்தே காட்ட முடியும். வரலாற்றிலும் இருக்கிறது. 1948-ல் தேசிய சுகாதார சேவை என்ற அரசு மருத்துவ அமைப்பு வருவதற்கு முன் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டு மருத்துவமனைகள் இருந்தன. பல சிறப்பானவை. ஆனால் பணக்காரர்கள் இருந்த இடத்தில் மருத்துவமனை இருந்தது, நோயாளிகள் அதிகம் இருந்த இடத்தில் இல்லை. சீக்கிரம் குணமாகக்கூடிய நோயாளிகளை அவை எடுத்துக்கொண்டன. வருடக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவர்கள் உள்ளாட்சி நடத்திய பழைய ஏழை விடுதி மருத்துவமனைகளுக்குத்தான் போனார்கள். எல்லோரையும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு மட்டும்தான் இருந்தது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் நன்கொடையில் ஓடியபோது, யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் போவோம். அரசு ஒப்பந்தம் வந்தபோது பயனாளிகள் பட்டியல் ஒன்றும் வந்தது. பட்டியலில் இருப்பவருக்குச் செய்த வேலைக்குத்தான் பில் போட முடியும். எங்களிடம் நான்கு வருடமாக இருந்த ஒரு பெரியவரிடம் முகவரிக்கான சான்று எதுவும் இல்லை. தகுதி வரையறைக்குள் வரவில்லை. முதலில் ‘நாம் தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்றோம். ஒரு மாதம் போனோம். அப்புறம் வாரம் ஒரு முறை ஆனது. வேலைச் சுமை கூடக் கூட அதுவும் நின்றுபோனது. எந்தக் கூட்டத்திலும் யாரும் அவரை விடச் சொல்லவில்லை. அட்டவணையில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான். அந்த அட்டவணையைப் போட்டவன் நான். அரசுப் பணம் வருவது தவறு என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பணத்தால்தான் முன்னைவிடப் பல மடங்கு வீடுகளுக்குப் போக முடிந்தது. ஆனால் ஒப்பந்தம் வந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் கண்கள் பட்டியலுக்குள் சுருங்கும். அதைத் தடுக்க வேண்டுமென்றால் பட்டியலுக்கு வெளியே இருப்பவருக்கென்று கொஞ்சம் பணமும் நேரமும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சேவை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். டெண்டரில் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை என்றால், வீட்டுப் பராமரிப்பில் குறைக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு, பணியாளரின் நேரம். எங்கள் ஒப்பந்தம் இரண்டாம் முறை புதுப்பிக்கப்பட்டபோது 45 நிமிட வருகை 25 நிமிடமானது. இருபத்தைந்து நிமிடத்தில் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்துவிடலாம். உட்கார்ந்து பேச முடியாது. பேச்சு என்றால் வெட்டிப்பேச்சு என்று நினைக்காதீர்கள். ராத்திரி தடுக்கி விழுந்ததையும், நாலு நாளாகச் சாப்பிடப் பிடிக்காததையும் பெரியவர்கள் அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் சொல்வார்கள். நேரம் குறைந்த வருடத்தில், கவனிக்காமல் முற்றிப்போன படுக்கைப் புண்களை முன்னைவிட அதிகமாகப் பார்த்தோம். எங்கள் சின்ன எண்ணிக்கையை வைத்து இது நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் களத்தில் இருந்த யாருக்கும் காரணம் என்ன என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்தது நிர்வாகச் செலவு. ‘என் பணத்தில் ஒரு ரூபாய்கூட அலுவலகத்துக்குப் போகக் கூடாது’ என்று நன்கொடையாளர் சொல்வார். அரசும் அப்படியே நினைக்கும். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-ல் திருத்தியபோது, அந்தப் பணத்தில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். ஊழல் நடக்கக் கூடாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் முதியவர் வீட்டுக்குத் தனியாகப் போகிற ஒரு பணியாளரின் பின்னணியைச் சரிபார்ப்பது, அவருக்குப் பயிற்சி கொடுப்பது, புகாரை விசாரிக்க ஒருவரை வைப்பது எல்லாம் கணக்கில் பெரும்பாலும் நிர்வாகச் செலவு என்றுதான் வரும். நிர்வாகச் செலவு மிகக் குறைவு என்று பெருமையாகச் சொல்லும் நிறுவனத்தைப் பார்த்தால், மேற்பார்வையாளர் எத்தனை பேர் என்று நான் முதலில் கேட்பேன். அப்புறம் பணம் வரும் தேதி. எங்களுக்கு ஒருமுறை ஐந்து மாதம் பில் நிலுவையில் நின்றது. பெரிய அமைப்பு கையிருப்பை வைத்துச் சமாளிக்கும். சிறிய அமைப்பு சம்பளத்தை நிறுத்தும், நல்ல பணியாளர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள்.

முடிவுக்கு ஏற்பப் பணம் என்ற முறை கேட்க நியாயமாக இருக்கும். பிரிட்டன் 2011-ல் வேலையில்லாதவர்களுக்கு வேலை தேடித்தரும் திட்டத்தை இப்படி நடத்தியது. முக்கிய ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் பெரிய தனியார் நிறுவனங்கள் எடுத்தன. சிறிய தொண்டு அமைப்புகள் அவற்றுக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர்களாக நின்றன. எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களைக் கவனித்துவிட்டு, உடல்நலக் குறைவு உள்ளவர்களைப் போன்ற கஷ்டமானவர்களை ஓரமாக உட்கார வைத்த நிலை அங்கே பரவலாகப் பேசப்பட்டது. பிராக் உதாரணத்தில் அளவுகோல் சேவையின் உயிரையே தொட்டது. இங்கே அளவுகோல் ஆளைத் தேர்ந்தெடுக்கத் தூண்டியது. முதியோர் பராமரிப்பில் ‘முடிவு’ என்று எதை அளப்பது என்பது இன்னும் கடினம். எண்பது வயதுக்காரர் குணமாகிக் கணக்கிலிருந்து வெளியே போவதில்லையே.

உங்கள் பயத்துக்கு நேராக வருகிறேன். நிறுவனம் மூடிவிட்டால்? நடக்கக்கூடியதுதான். லண்டனில் 1996-ல் தொடங்கி, ஆதரவற்ற குழந்தைகளுக்காக உழைத்த கிட்ஸ் கம்பெனி என்ற அமைப்பு பல ஆண்டுகள் அரசிடமிருந்து கோடிக்கணக்கில் மானியம் வாங்கியது. 2015 ஆகஸ்டில், அரசிடமிருந்து 30 லட்சம் பவுண்டு வந்த சில நாட்களிலேயே கதவை மூடியது. பொறுப்பாளர்களைப் பதவிக்குத் தகுதியற்றவர்களாக அறிவிக்கக் கோரிய வழக்கை நீதிமன்றம் 2021-ல் தள்ளுபடி செய்தது. ஆகவே யார் குற்றம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கையிருப்பு நிதி போதவில்லை என்பதில் பெரிதாக விவாதம் இல்லை. மறுநாள் காலையில் அந்தக் குழந்தைகள் எங்கே போவது என்று உள்ளாட்சிகள் அவசர அவசரமாகத் தேட வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் ‘சேவை நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் உள்ளாட்சி தானே ஏற்கும்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். அந்த வரி இல்லாவிட்டால், உங்கள் சந்தேகம் சரி, அது கைகழுவல்தான்.

இவ்வளவும் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை. இனிச் சொல்வது சர்ச்சையில் இருப்பவை. தொண்டு நிறுவனம் நடத்தினால் தரம் கூடுமா? முதியோர் இல்லங்களை வைத்து 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. லாப நோக்குள்ள இல்லங்களையும் லாப நோக்கற்றவற்றையும் ஒப்பிட்ட 82 ஆய்வுகளைப் பார்த்தார்கள். 40 ஆய்வுகளில் லாப நோக்கற்றவை தெளிவாக மேலாக இருந்தன, மூன்று ஆய்வுகளில் மட்டும் மற்றவை மேல், மீதி ஆய்வுகளில் முடிவு கலவையாக இருந்தது. சராசரியில் சாய்வு தெரிகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் செய்யப்பட்டவை, ஒரு தனி இல்லம் நல்லதா என்று சராசரி சொல்லாது. அதோடு, அது தொண்டு நிறுவனத்துக்கும் தனியாருக்கும் உள்ள ஒப்பீடு. உங்கள் கேள்வி தொண்டு நிறுவனத்துக்கும் அரசு ஊழியருக்கும் நடுவில். அந்த ஒப்பீட்டில் இவ்வளவு தெளிவான சாய்வை நான் பார்த்ததில்லை. ‘செலவு மிச்சமாகும்’ என்று யாராவது சொன்னால், எப்படி என்று கேளுங்கள். நான் பார்த்த இடங்களில் மிச்சமானது பணியாளர்களின் சம்பளமும் ஓய்வூதியமும்தான். இன்னொரு விஷயம், அரசுப் பணம் வந்தால் நன்கொடை குறையுமா என்பது. ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி, அபிகெயில் பெயின் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் குறைகிறது என்று கண்டார்கள். ஆனால் கொடுப்பவர் கையைச் சுருக்குவது முக்கியக் காரணமாக இல்லை, நிறுவனமே நன்கொடை திரட்டும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது என்றார்கள். எங்கள் அமைப்பில் நடந்தது அச்சு அசல் அதுவேதான். ஒப்பந்தம் வந்த இரண்டாம் வருடம் நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதுவதையே விட்டுவிட்டோம்.

இன்னொரு ஆபத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டிக்கேட்கும் குரல்தான் தொண்டு அமைப்பின் பாதி மதிப்பு. அரசிடம் சம்பளம் வாங்கும்போது அந்தக் குரல் இறங்கிவிடும். அதனால்தான் ஆஸ்திரேலியா 2013-ல், அரசின் கொள்கையை விமர்சிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுவதைத் தடுத்துச் சட்டமே கொண்டுவந்தது. மறுபக்கம், மக்கள் பணத்தில் ஓடும் அமைப்பும் மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தன்னார்வ அமைப்புகளும் தகவல் அறியும் சட்டத்துக்குள் வரும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது.

சரி, நீங்கள் என்ன செய்வது? ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் உள்ளாட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். புகாரை நிறுவனம் தீர்க்காவிட்டால் உள்ளாட்சியில் எந்த அதிகாரி பொறுப்பு, அவர் பெயரும் பதவியும் என்ன? ஒரு வருகைக்கு எத்தனை நிமிடம்? பணியாளர் விடுப்பில் போனால் மாற்று ஆள் யார்? எத்தனை வருட ஒப்பந்தம்? ஒரு வருடம்தான் என்றால் கொஞ்சம் கவலைப்படுங்கள். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத பணியாளர் எங்கேயும் தங்க மாட்டார். நிறுவனத்திடம் கேட்க வேண்டியது குறைவு. மூன்று மாதம் அரசுப் பணம் வராவிட்டால் சம்பளம் கொடுக்கக் கையிருப்பு இருக்கிறதா, தணிக்கை அறிக்கையைப் பார்க்கலாமா என்று மட்டும் கேளுங்கள். நல்ல நிறுவனம் கோபப்படாது. நான் ஒப்பந்தம் பார்த்த காலத்தில் ஒரு மகளும் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் போன பிறகுதான், எங்களிடம் கையிருப்பு ஆறு வாரத்துக்கு மட்டுமே இருக்கிறது என்பதை உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் செய்யுங்கள். இப்போது அம்மாவிடம் வந்துகொண்டிருக்கும் பணியாளரைப் புதிய நிறுவனம் அதே சம்பளத்தில் எடுத்துக்கொள்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். இல்லை என்றால், பழையவரும் புதியவரும் சேர்ந்து குறைந்தது இரண்டு வாரம் வரவேண்டும் என்று கேளுங்கள். அம்மா எந்தக் கையை ஊன்றி எழுந்திருப்பார், எந்த மாத்திரையை மறைத்து வைப்பார் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. அது அந்தப் பழைய பணியாளருக்குத்தான் தெரியும்.